வரியைக் குறைத்தால் வீட்டு விலை இறங்குமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழேயே எழுதிப் பதில் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். அதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"ஐயா, ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் நெருங்கும்போது ரெஹ்டா என்கிற வீடு கட்டுபவர்கள் சங்கம் பத்திரிகையில் வந்துவிடுகிறது. முத்திரை வரியைக் குறையுங்கள், வீட்டை விற்றால் வாங்கும் வரியை எடுத்துவிடுங்கள், நிபந்தனைகளைத் தளர்த்துங்கள், நிறைய வீடு கட்டினால் விலை தானாக இறங்கும் என்கிறார்கள். என் மகனுக்கு 31 வயது. பினாங்குத் தீவில் வேலை. கல்யாணத்துக்கு முன் வீடு வாங்க வேண்டும் என்கிறான். இவர்கள் கேட்பது கிடைத்தால் எங்களுக்கும் நல்லதுதானே? நாமும் சேர்ந்து கேட்டால் என்ன?"

நம் பழைய நேயர்களுக்கு என் பதில் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். ‘இதோ, மறுபடியும் டுரியான் பழக் கதைக்கு வரப் போகிறார்’ என்று இந்நேரம் யாராவது கீழே எழுதியிருப்பார்கள். வருவேன், அவசரம் வேண்டாம். அதற்கு முன் அந்தச் சங்கம் கேட்பதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வீடு கட்டி விற்கிற மேம்பாட்டாளர் என்றாலே கொள்ளைக்காரர் என்று கோப்பிக்கடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது ஒப்பாது.

பழைய ரப்பர் தோட்ட நிலம் ஒன்றை வாங்கி வீடு கட்டப் போகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்ற நில அலுவலகத்துக்குப் பிரீமியம். மின்சாரத்துக்கு ஒரு பங்குத்தொகை, தண்ணீருக்கு ஒன்று, கழிவுநீருக்கு ஒன்று. துணை மின்நிலையத்துக்கு இடம் விட வேண்டும், வடிகால் போட வேண்டும், சில இடங்களில் வெளியே இருக்கிற சாலையையே அகலப்படுத்தித் தர வேண்டும். ஒரு துறை ஒப்புதல் தந்து, இன்னொரு துறை தாமதித்தால், நிலத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மலாய்க்காரர், பூர்வகுடியினர் ஆகிய பூமிபுத்ராக்களுக்கு என்று ஒதுக்கி, விற்காமல் கிடக்கிற வீடுகளை விரைவாகத் திறந்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்பதும் இதே வட்டிக் கணக்கில்தான் வருகிறது.

அப்புறம் மலிவு விலை வீடு. பினாங்கில் மலிவு வீட்டுக்கு 42,000 வெள்ளி (ரிங்கிட்), நடுத்தர மலிவு வீட்டுக்கு 72,500 வெள்ளி என்று விலை வைத்திருக்கிறார்கள். சிமெண்டும் இரும்பும் ஆள் கூலியும் இன்றைக்கு விற்கிற விலையில் 42,000 வெள்ளிக்கு ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியாது. அந்த நஷ்டம் எங்கே போகும்? பக்கத்துக் கட்டடத்தில் வாங்குகிறவர் விலையில் ஏறும். இதைச் சங்கத்துக்காரர்கள் ஒளித்துப் பேசவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். இதில் நான் அவர்கள் பக்கம். ஏழைக்கு வீடு தருவது அரசாங்கத்தின் கடமை. அந்தச் செலவை நாட்டின் வரிப்பணத்தில் போடாமல், 31 வயதுப் பையன் வாங்கும் அபார்ட்மெண்டின் விலைக்குள் செருகி வைத்தால், செலவு செய்வது யார் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நிபந்தனையைத் தளர்த்துவது வேறு கதை. தீவில் சமதளம் தீர்ந்து போய் எவ்வளவோ காலமாகிறது. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே உள்ள நிலத்திலும், 25 பாகைக்கு மேல் சரிவான நிலத்திலும் சிறப்புத் திட்டங்கள் தவிர மற்றவற்றைக் கட்டக் கூடாது என்று மாநிலக் கட்டமைப்புத் திட்டம் சொல்கிறது. அதைச் சிவப்பு நாடா என்று சொல்லுபவர்கள் இருக்கிறார்கள். 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சனிக்கிழமையை நினைவில் வைத்திருக்கிற யாரிடமும் ‘சரிவு விதியைத் தளர்த்துங்கள்’ என்று பேசிப் பாருங்கள். தாமதத்தைக் குறைக்கலாம். பாதுகாப்பைக் குறைக்க முடியாது. இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்து எழுதும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

சரி, வரிக்கு வருவோம். நான் அடிக்கடி சொல்வதுதான்: வீட்டு வரி என்று பொதுவாகப் பேசாதீர்கள். வாங்கும்போது கட்டும் வரி வேறு, வைத்திருக்கும்போது கட்டும் வரி வேறு, விற்கும்போது கட்டும் வரி வேறு. மூன்றையும் கட்டுகிற ஆள் வேறு, கட்டுகிற நேரம் வேறு. எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

வாங்கும்போது முத்திரை வரி. முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்து 500,000 வரைக்கும் 2, அதற்கு மேல் பத்து லட்சம் வரைக்கும் 3, அதையும் தாண்டினால் 4. அம்மா, உங்கள் மகன் 450,000 வெள்ளியில் ஓர் அபார்ட்மெண்ட் வாங்குகிறார் என்று வைப்போம். முதல் லட்சத்துக்கு 1,000 வெள்ளி, மீதி 350,000-க்கு 7,000 வெள்ளி. ஆக 8,000 வெள்ளி. இது பெயர் மாற்றத்துக்கு. கடன் பத்திரத்துக்குத் தனியாக அரை விழுக்காடு. 90 விழுக்காடு கடன் என்றால் 405,000 வெள்ளி, அதற்கு 2,025 வெள்ளி. மொத்தம் பத்தாயிரத்துச் சொச்சம்.

இப்போது கவனியுங்கள். அவருக்கு இது முதல் வீடு. மலேசியக் குடிமகன் வாங்கும் முதல் வீடு 500,000 வெள்ளிக்கு மிகாமல் இருந்தால் இந்த இரண்டு முத்திரை வரியும் முழுக்கத் தள்ளுபடி. 2021-லிருந்து இது நடப்பில் இருக்கிறது. 2026 பட்ஜெட்டில் 2027 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மகன் கட்டப் போகும் முத்திரை வரி சுழியம். இல்லாத வரியை இன்னும் எவ்வளவு குறைக்க முடியும்?

விற்கும்போது நிலச் சொத்து ஆதாய வரி, நாம் ஆர்பிஜிடி என்று சொல்வது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் 1974-இல் நில ஊக வணிக வரி என்று ஒன்று இருந்தது. நிலத்தை வாங்கி உடனே கைமாற்றி லாபம் பார்ப்பவர்களைப் பிடிப்பதற்குத்தான் இதெல்லாம் வந்தது. குடிமக்களுக்கு, வாங்கிய மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நாலாவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15, ஆறாவது வருடத்திலிருந்து ஒன்றும் இல்லை. நடுவில் 2019-இல் ஆறாவது வருடத்துக்கு மேலும் 5 விழுக்காடு என்று கொண்டு வந்தார்கள். எடுக்கச் சொல்லிப் பெரிய சத்தம் கிளம்பியது. 2022 ஜனவரி முதல் தேதி எடுத்தும் விட்டார்கள். எடுத்த பிறகு எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில் விலை இறங்கியது? எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை. வீட்டு விலைக் குறியீடு ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

குடியிருந்த வீட்டை விற்பவருக்கு வாழ்நாளில் ஒரு முறை இந்த வரியிலிருந்து முழு விலக்கும் உண்டு. அப்படியானால் ஆர்பிஜிடியைப் பெரும்பாலும் யார் கட்டுகிறார்? இரண்டாவது, மூன்றாவது வீட்டை வாங்கி, ஐந்து வருடத்துக்குள் லாபத்துக்குக் கைமாற்றுகிறவர். அம்மா, உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் யாரோடு போட்டி போட்டு வீடு வாங்கப் போகிறாரோ, அந்த ஆளுக்குத்தான் இந்தச் சலுகை. போட்டியாளருக்குக் கொடிபிடிக்கலாமா என்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பழைய கதை. நான் பேங்கில் கடன் பிரிவில் இருந்தபோது நடந்தது. எந்த பேங்க், எந்த மேம்பாட்டாளர் என்பதெல்லாம் வேண்டாம். புதுமணத் தம்பதி ஒன்று கோப்போடு வந்து உட்கார்ந்தார்கள். பையன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன், அந்தப் பெண் தாதி. ஒப்பந்தத்தில் வீட்டின் விலை 420,000 வெள்ளி. கோப்புக்குள்ளே விற்பனைக்காரர் தந்த வழவழப்புத் தாளில் இன்னொரு கணக்கு: ‘சிறப்புக் கழிவு 10 விழுக்காடு, நிகர விலை 378,000 வெள்ளி. முன்பணம் இல்லை, லாயர் செலவு இல்லை, முத்திரை வரி இல்லை’. ‘இல்லை’ என்று வந்த இடமெல்லாம் சிவப்பு எழுத்து. பேங்க் 420,000-க்கு 90 விழுக்காடு கடன் கொடுத்தால் எவ்வளவு? அதுவும் 378,000. நிகர விலை முழுவதும் கடனாகவே வந்துவிடுகிறது. அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சார், கையிலிருந்து ஒரு காசும் போடவில்லை" என்றாள்.

அதே வட்டாரத்தில் அதே அளவில், கொஞ்சம் பழைய கட்டடத்தில், கைமாறும் வீடுகள் 350,000-க்குப் போய்க்கொண்டிருந்தன. அவர்களுக்குக் கிடைத்த ‘கழிவு’ எதிலிருந்து கழித்தது? 420,000 என்று அவர்களே எழுதிய விலையிலிருந்து. விலையை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் எவ்வளவு கழிவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதனால்தான் வீட்டுடைமை இயக்கம் என்று 2019-லும், மறுபடி 2020 ஜூனிலிருந்து 2021 கடைசி வரையிலும் அரசாங்கம் முத்திரை வரியைத் தள்ளுபடி செய்து, அதற்குப் பதிலாக மேம்பாட்டாளர்கள் குறைந்தது 10 விழுக்காடு கழிவு தர வேண்டும் என்று சொன்னபோது, நான் கேட்ட ஒரே கேள்வி: எந்த விலையிலிருந்து பத்து? அந்தச் சலுகை 300,000 வெள்ளியில் தொடங்கி 2,500,000 வெள்ளி வீடு வரைக்கும் போனது. இருபத்தைந்து லட்சம் வெள்ளியில் வீடு வாங்குகிறவருக்கு எதற்கு நம் வரிப்பணம்? விற்காமல் கிடந்த வீடுகள் நிறைய விற்றன, இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சங்கம் கேட்டது அதைத்தான், அது அவர்களுக்குக் கிடைத்தது.

கட்டுமானக் காலத்து வட்டியை மேம்பாட்டாளரே ஏற்கும் திட்டம், டிப்ஸ் என்று சொல்வோமே, அதுவும் இதே வித்தைதான். இலவசம் என்றார்கள், வட்டியெல்லாம் விலைக்குள்ளே உட்கார்ந்திருந்தது. 2014 பட்ஜெட்டில் அதைத் தடை செய்தார்கள். அதைப் பற்றி ஒரு முழுக் காணொளியே போட்டிருக்கிறேன், விட்டுவிடுகிறேன்.

இப்போது டுரியான். பாலிக் பூலாவில் பருவம் உச்சத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? காலையில் கிலோவுக்குக் கறாராக விலை சொன்ன வியாபாரி, இரவு பத்து மணிக்கு ‘ஐயா, இந்தக் கூடையோடு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பார். நாளைக்கு அந்தப் பழம் வெடித்துப் புளித்துவிடும். அவரால் காத்திருக்க முடியாது. வரத்து கூடினால் விலை இறங்கும் என்கிற பாடம் அங்கே சரியாக வேலை செய்கிறது. வீடு டுரியான் இல்லை. விற்காத வீடு புளிக்காது. வைத்திருப்பவர் காத்திருப்பார். ‘நிறையக் கட்டினால் விலை இறங்கும்’ என்று சொல்லுகிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிற விஷயம் இது.

மேம்பாட்டாளருக்குக் காத்திருக்கச் செலவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கடன் வட்டி இருக்கிறது. அதனால்தான் அவர் விலையைக் குறைக்காமல் தலையணை, குளிர்சாதனப் பெட்டி, சமையலறை அலமாரி எல்லாம் சும்மா தருகிறேன் என்கிறார். எழுதிய விலையைக் குறைத்துவிட்டால் முன்னே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள், பேங்க் மதிப்பீட்டாளரும் அடுத்த வீட்டுக்குக் குறைத்துப் போடுவார். அந்தப் பயம் நிஜம்தான். ஆனால் ரொக்கம் போட்டு இரண்டு மூன்று வீட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறவருக்கு? அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு செலவும் இல்லை.

வீடே போதவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த ஆண்டு முதல் காலாண்டில் கட்டி முடித்ததும் கட்டிக்கொண்டிருப்பதுமாக 130,690 வீடுகள் விற்காமல் கிடந்தன. அவற்றில் 83 விழுக்காடு 250,000 வெள்ளிக்கு மேற்பட்ட விலை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு: 2016-இல் நடுத்தரக் குடும்பம் ஒன்று சமாளிக்கக்கூடிய வீட்டு விலை 282,000 வெள்ளி, சந்தையில் நடுத்தர விலையோ 313,000. மக்கள் கையில் ஒரு விலை, கட்டுகிறவர் மனதில் ஒரு விலை. 2021 கடைசியில் கட்டி முடித்தும் விற்காத குடியிருப்பு வீடுகள் மட்டும் 36,863. பிறகு அது குறைந்தது, 2024 கடைசியில் 23,149. சர்வீஸ் அபார்ட்மெண்டுகளுக்குக் கணக்கு தனி, அதை இதோடு சேர்க்கவில்லை. விற்காத வீடு என்றால் சும்மா இல்லை, குடியேறலாம் என்கிற தகுதிச் சான்றிதழ் வாங்கி, விற்பனைக்கு விட்டு ஒன்பது மாதம் தாண்டியும் ஆள் வராத வீடு. இத்தனை வீட்டை வைத்துக்கொண்டு ‘வரத்து போதாது’ என்றால் எந்த வரத்து? நம் பையன்கள் வாங்கக்கூடிய விலையில் வரத்து போதாது. அதைச் சொன்னால் நானும் கை தூக்குகிறேன்.

2020-இல் வீடமைப்பு அமைச்சு, விற்காமல் கிடக்கிற வீடுகளுக்கு மேம்பாட்டாளரிடம் காலி வீட்டு வரி வாங்கலாமா என்று ஒரு யோசனையைச் சொன்னது. கோவிட் காலம். ரெஹ்டா உடனே எதிர்த்தது. அந்த நேரத்தில் எதிர்த்ததில் நியாயம் இருந்தது, ஊரே முடங்கிக் கிடந்தது. ஆனால் யோசனை அப்படியே கிடப்பில் போய்விட்டது பாருங்கள். வாங்கும் வரி, விற்கும் வரி இரண்டையும் குறைப்பதற்கு வருடா வருடம் மனு. வைத்திருக்கும் வரியைப் பற்றிப் பேச்சே எழக் கூடாது. மூன்றில் இந்த ஒன்றுதான் பூட்டிய வீட்டைச் சந்தைக்குத் தள்ளும்.

வைத்திருக்கும் வரி எவ்வளவு என்று பாருங்கள். நில வரி, அடுக்குமாடி வீடு என்றால் பார்சல் வரி என்று ஒன்று, மாநிலத்துக்குப் போவது. பெரியது மதிப்பீட்டு வரி, மாநகர் மன்றம் வருடத்துக்கு இரண்டு முறை பில் அனுப்புமே அது. வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு அதில் இத்தனை விழுக்காடு என்று போடுவார்கள். கோலாலம்பூரில் குடியிருப்புக்கு 4 விழுக்காடு. மாதம் 2,000 வெள்ளி வாடகை மதிப்புள்ள கொண்டோ என்றால் வருடத்துக்கு 24,000. அதில் 4 விழுக்காடு 960 வெள்ளி. ஆறு லட்சம் வெள்ளி வீடு வருடத்துக்கு இரண்டே விழுக்காடு ஏறினாலும் 12,000 வெள்ளி. ஆயிரத்துக்குள் கட்டிவிட்டுப் பன்னிரண்டாயிரத்துக்குக் காத்திருப்பவரை யார் அவசரப்படுத்த முடியும்?

இன்னொன்று தெரியுமா? 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் 162-ஆவது பிரிவு, ஆளில்லாமல் கிடந்த கட்டடத்துக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கேட்க வழி விடுகிறது. குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும், வாடகைக்கு ஆள் தேடியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. இருந்தாலும் திசையைப் பாருங்கள். காலியாக வைத்திருப்பவருக்குச் சட்டம் ஆறுதல் சொல்கிறது.

வைத்திருக்கும் வரியை எல்லோருக்கும் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் வெட்டி எடுத்துப் பரப்ப வேண்டாம். கோலாலம்பூரில் 2013 கடைசியில் என்ன நடந்தது? 1992-க்குப் பிறகு தொடாமலே விட்டிருந்த மதிப்பீட்டை ஒரேயடியாகத் திருத்தி வீட்டுக்கு வீடு நோட்டீஸ் அனுப்பினார்கள். இருபது வருடத்து ஏற்றம் ஒரே தாளில். பென்ஷனில் வாழ்கிற பெரியவர்கள் நகராண்மை வாசலில் வரிசை பிடித்து ஆட்சேபக் கடிதம் கொடுத்தார்கள். கடைசியில் விழுக்காட்டை 6-லிருந்து 4 ஆகக் குறைத்துத்தான் சமாளித்தார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டியதை ஒரு தலைமுறைக்கு ஒரு முறை திருத்தினால் அப்படித்தான். குளுகோரில் பிள்ளைகளெல்லாம் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு ஏற்றக் கூடாது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு, பூட்டிக் கிடக்கும் மூன்றாவது வீட்டுக்கு வேறு கணக்கு. இதைச் செய்ய முடியாத அளவுக்கு நம் மாநகர் மன்றக் கணினிகள் மோசம் இல்லை.

ஆக, அம்மா, ஆதரிக்கலாமா என்றால்: மலிவு வீட்டுச் செலவை அரசாங்கம் ஏற்கட்டும், ஒப்புதல் தாமதத்தைக் குறைக்கட்டும் என்று கேட்டால் நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். மற்றவற்றுக்கு உங்கள் பேனாவைப் பையிலேயே வையுங்கள். மகன் வீடு பார்க்கப் போகும்போது, பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், பட்ஜெட் சலுகை முடியப் போகிறது என்று யாராவது அவசரப்படுத்தினாலும் ஓட வேண்டாம். அதே கட்டடத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ கடைசியாகக் கைமாறிய வீடு எவ்வளவுக்குப் போனது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்த விலையும் நிகர விலையும் வேறு வேறாக இருந்தால், ‘ஏன்’ என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வராது, அதுவே பதில்.

ஆனால் உண்மையைச் சொன்னால் நீங்கள் வேறொரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். இத்தனை வருடமாக நேயர்கள் வாங்குவதைப் பற்றியே கேட்கிறார்கள். வாடகையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உங்கள் மகன் ஏன் கல்யாணத்துக்கு முன்னே வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்? வாடகை வீட்டில் நிம்மதி கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, சலுகைக் காலமும் 1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. என் அத்தை குவின் ஸ்திரீட்டில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மேல்மாடியில் குடியிருந்தார். மாதம் எழுபது வெள்ளி. தேர் புறப்படும்போது ஜன்னலில் இருந்தே தீபாராதனை பார்ப்பார். வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது, அந்த எழுபது வெள்ளியில் ஓடு மாற்றக்கூட முடியாது. மழை வந்தால் மூன்று வாளி வைக்க வேண்டும். சட்டம் போனதும் வாடகையைப் பத்து மடங்கு கேட்டார்கள். அத்தை பாயா தெருபோங் ஃபிளாட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் இருந்த நம் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் கலைந்தார்கள். முப்பது வருடம் பூட்டி வைத்த வாடகையை ஒரே இரவில் திறந்துவிட்டால் வெள்ளம்தான் வரும். கட்டுப்பாட்டுக்கும் கட்டவிழ்த்துவிடுவதற்கும் நடுவில் ஒரு நியாயமான சட்டம் இருக்க முடியாதா? குடியிருப்பு வாடகைச் சட்டம் கொண்டுவருகிறோம் என்று அமைச்சு பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்னும் வந்தபாடில்லை.

அது வராததால் என்ன நடக்கிறது? இரண்டு மாத முன்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சார முன்பணம் வாங்குகிறார்கள். காலி செய்யும்போது சுவரில் ஆணி ஓட்டை, சாயம் மங்கல் என்று சொல்லி ஒரு காசு திருப்பித் தருவதில்லை. அதைவிட மோசம், வீடு பார்க்கப் போன் செய்தால் பேரைக் கேட்டதும் ‘மன்னிக்கவும், ஆள் வந்துவிட்டார்கள்’. விளம்பரத்திலேயே ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று போடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு வளர்ந்த பையன், கடனைப் பட்டாவது சொந்த வீடு வேண்டும் என்றுதான் சொல்லுவான். அதைத்தான் விற்பனைக்காரர் பிடித்துக்கொள்கிறார்.

இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாடகை பாக்கி இருந்தாலும்கூட வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றி ஆளை வெளியே தள்ள முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும், 1950-ஆம் ஆண்டுக் குறித்த பரிகாரச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் காட்டப் போனால் அங்கேயே தகராறு. சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், ஆணி ஓட்டைகளையும் சேர்த்து.

முன்பணம் திரும்பாத கதை யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். வீட்டுக்காரர் பேரும் முகவரியும் வேண்டாம். எவ்வளவு தொகை, எதைச் சொல்லிப் பிடித்தார்கள், ஒப்பந்தத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருந்தது, இந்த மூன்றும் போதும். அடுத்த காணொளிக்கு அவற்றைத்தான் எடுக்கிறேன். மின்கட்டணம் பற்றிக் கேட்ட ஈப்போ தம்பி கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.